வளர்பிறைக்குக் காத்திருந்த டம்பர் டிரைவர்

செல்வராசுவின் ரிப்போர்ட்டில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை பதினொன்று. டாக்டர் பார்த்துவிட்டு ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

“டம்பர் ஓட்டக் கூடாது. மூணு மாசம் டைம் தர்றேன். எட்டுக்குக் கீழ வந்தா வண்டி. அதுவரைக்கும் லாரி எடை போடுற எடைமேடையில உக்காருங்க.”

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் முதலுதவி அறையில் அப்போது நான் நர்ஸ், பிள்ளைகளே. என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். உண்மைதான். ஆனால் அன்று செல்வராசுவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கே கடிந்து பேச மனசு வரவில்லை. உடையார்பாளையத்துக்காரர், பதினெட்டு வருஷமாகக் கல் சுமக்கும் டம்பர் லாரி ஓட்டுகிறவர். டம்பர் சீட்டின் உயரத்திலிருந்து பார்த்தால் சுரங்கக் குழி முழுக்க வெள்ளை வெள்ளையாய், மேகத்துக்குள் போகிற மாதிரி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

“தினம் நடங்க. சோத்தக் கொறைங்க” என்றேன்.

“ஒழைக்கிறவனுக்கு எதுக்கு சிஸ்டர் நடை?”

“எட்டு மணி நேரம் சீட்டுல உக்காந்திருக்கறது ஒழைப்பா?”

சிரித்துவிட்டார். “சரிங்க. வர்ற வளர்பிறையில ஆரம்பிச்சிடறேன்.”

நல்ல நாளில் தொடங்கினால் நிலைக்கும் என்று நானும் தலையாட்டினேன். தொடங்கினார். ஆறாம் நாள் கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போனவர், அப்புறம் ஆளையே காணோம். எடைமேடைக்குப் போய்ப் பார்த்தால் கையில் முறுக்குப் பொட்டலம்.

“கோயில்ல சர்க்கரைப் பொங்கல் சாப்ட்டுட்டேன் சிஸ்டர். விரதம் கெட்டுப்போச்சு. இனி அடுத்த வளர்பிறைதான்.”

அதுவரைக்கும் என்ன தின்றாலும் கணக்கில்லையாம்! அடுத்த வளர்பிறையும் ஒரு வளைகாப்பு விருந்தில் கெட்டது. பரிசோதனைக்கு ஐந்தே வாரம் இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏன்யா, டம்பர் சக்கரம் கொஞ்சம் பாதைய விட்டு எறங்குனா என்ன பண்ணுவ? குழியில உருட்டி விட்டுட்டு நல்ல நாள் பாப்பியா?”

“ஐயய்யோ! உடனே ஒடிச்சுத் திருப்பிருவேன்ல.”

சொல்லிவிட்டு, அன்றும் கையில் இருந்த முறுக்கைப் பார்த்தார்.

திட்டிவிட்டு அறைக்கு வந்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் நடந்த நாட்களைக் குறிக்க நான் வைத்திருந்த அட்டையில் தவறிய நாளுக்குச் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, ‘மறுபடி முதல் நாள்’ என்று எழுதியிருந்தது யார்? நான்தான். பழைய நாட்களை எல்லாம் செல்லாமல் ஆக்கியதும் நான்தான். போதாக்குறைக்கு, நான் நடப்பதும் மழைக்கு ஒரு நாள் நின்று, அதோடு போயே போயிருந்தது.

அன்று சாயங்காலமே அவரை நடக்கக் கூப்பிட்டேன்.

“இன்னிக்கு அஷ்டமிங்க சிஸ்டர்.”

“சர்க்கரைக்கு அஷ்டமி தெரியுமா? வாங்க, நானும் வரேன்.”

அன்றே கொஞ்ச தூரம் நடந்தோம்; மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு நடை. குழியின் ஓரமாகப் பழைய பாதை. எப்போதோ கடலாக இருந்த இடம். கல்லில் சிப்பிகள் பதிந்திருக்கும். பனிமூட்டமாக மஞ்சு இறங்கிய காலையில் குழி நிறைந்து, கடல் திரும்பி வந்து படுத்திருப்பது போல் தெரியும். அந்தக் கரையில் இருவரும் பேசாமல் நடப்போம். நடக்கிறோமா, தூங்குகிறோமா என்றே சில நாள் தெரியாது.

ஐந்து வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஒன்பது.

“நல்லா எறங்கியிருக்கு. ஆனா வண்டி தர முடியாது. இன்னும் மூணு மாசம் பாப்போம்” என்றார் டாக்டர். செல்வராசு எழுந்து வெளியே போனார். இனி இந்த மனுஷன் நடக்க வரமாட்டார் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை மஞ்சுக்குள்ளிருந்து வந்தார். கண் வீங்கியிருந்தது.

“நேத்து மனசு தாங்கல சிஸ்டர். நாலு பரோட்டா தின்னுட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, விடிஞ்சிருச்சு. வாங்க, நேரமாகுது” என்று எனக்கு முன்னால் நடந்தார்.

பிள்ளைகளே, ரிப்போர்ட்டில் ஒன்பதுதான் இருந்தது. ஆனால் இந்த ஆள் பிழைத்துக்கொள்வார் என்று எனக்கு அந்தக் காலையில்தான் தெரிந்தது.