பச்சைச் சேலை நிற்கும் வளைவு

போன மாதம் எழுமலையில் ஒரு காதுகுத்து. பஸ்ஸில் போயிருக்கலாம்தான். ஆனால், முதுகுவலிக்காரன் பஸ்ஸில் போனால் வீட்டில் யார் தைலம் தேய்ப்பது? மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். வாடகைக் கார்.

டிரைவர் ராசு நல்ல பேச்சுக்காரர். தக்காளி விலையில் ஆரம்பித்து, தேர்தலைத் தொட்டு, அவருடைய மச்சானின் கடன் வரைக்கும் வந்திருந்தோம். உசிலம்பட்டி தாண்டி எழுமலை ரோடு. உச்சி வெயில். திடீரென்று பேச்சை நிறுத்தினார். பாட்டை நிறுத்தினார். ஏசியை அணைத்தார். நாலு கண்ணாடியையும் இறக்கினார். அனல் காற்று முகத்தில் வந்து அப்பியது.

முன்னால் ஒரு வளைவு. வறண்ட கண்மாய்க் கரை. கரையில் பெரிய புளியமரம். ஆள் இல்லை, ஆடு இல்லை, எதிரே வண்டி இல்லை. ராசு விட்டு விட்டு ஹாரன் அடித்தார். யாருக்கு?

மரத்தடியில் ஒரு கல்லைப் பார்த்தேன். மஞ்சள் பூசியிருந்தது. குங்குமம். சுற்றிலும் பச்சைத் துணி. அதன்மேல் கண்ணாடி வளையல்கள், அவையும் பச்சை. வளைவு முடிந்த பிறகுதான் ராசு மூச்சு விட்டார்.

“கண்ணாடிய ஏண்ணே இறக்குனீங்க?”

“ஏத்தி வச்சிருந்தா, பின் சீட்டுல வந்து உக்காந்தது வெளிய போக வழியில்லாமப் போயிரும் சார்.”

நான் உட்கார்ந்திருந்தது பின் சீட்டில்! பக்கத்து இருக்கையைத் தொட்டுப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. பகுத்தறிவெல்லாம் எனக்கு வீட்டு வாசல் வரைக்கும்தான்.

ராசுவே சொன்னார். “பச்சைச் சேலை கட்டியிருக்கும் சார். தலைமுடி விரிஞ்சு கெடக்கும். ஒரு கை செத்த கை மாதிரி தொங்கும். இன்னொரு கையால வா வான்னு கூப்பிடும். எங்க ஸ்டாண்டுல ரெண்டு பேரு நேர்ல பாத்திருக்காய்ங்க. மரத்துல பட்டை உரிஞ்சிருந்துச்சே, பாத்தீங்களா? ஒரு காருக்குக் குறுக்க வந்து நின்னு, மரத்துல அடிக்க வச்சிருச்சு. மக, மாப்பிள்ளை, மாமியா மூணு பேரு. மாமியாளுக்குத்தேன் கை போச்சு. உங்க திருநகர்க்காரவுகதேன் சார்.”

எனக்கு அந்த வெயிலிலும் குளிர்ந்தது. அந்த மாமியாரை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு இட்லியே அவர் அரைக்கும் மாவில்தான்.

பாண்டியம்மா. எங்கள் தெரு முனையில் மாவுக்கடை. நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் அவருடைய மாவை ஏற்கெனவே புகழ்ந்து, என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். புருஷன் இல்லை. கிரைண்டரை வைத்தே மகளைப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தவர். விபத்துக்குப் பிறகு வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. மாவை அள்ளுவது, சட்டியைத் தூக்குவது எல்லாம் இடது கையில். இன்னொரு ஆபரேஷன் செய்தால் கை ஓரளவு திரும்பும், தள்ளிப்போட்டால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாண்டியம்மா தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். காரணம் உங்களுக்குத் தெரியாததா என்ன?

ஊரிலிருந்து வந்ததும் கடைக்குப் போனேன். வாங்க வேண்டியது மாவு. வாய் நிற்குமா? கல்லையும் வளையலையும் பற்றிச் சொன்னேன். பச்சைச் சேலையைச் சொன்னேன். தொங்கும் கையைச் சொன்னேன்.

பாண்டியம்மா கிரைண்டரை நிறுத்தினார். கடை சட்டென்று அமைதியாகிவிட்டது.

“அண்ணே… அந்தப் பச்சைச் சேலை நாந்தேன்.”

எனக்குப் புரியவில்லை. 

“எழுமலையில ஒரு விசேசத்துக்குப் போயிட்டு வந்தோம். பொழுது சாஞ்சு இருட்டுக்கட்டுற நேரம். மக முன் சீட்டுல தூங்கிட்டா. நான் பின்னாடி. முன்னாடி இருக்க சின்னக் கண்ணாடியில மாப்பிள்ளை கண்ணு தெரியுது. மூடுது… தெறக்குது… மறுபடி மூடுது. எனக்குப் பக்குங்குது.”

“கூப்பிட்டிருக்கலாமேம்மா?”

என்னை நிமிர்ந்து பார்த்தார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று புரிந்தது.

“மாப்பிள்ளைய எப்படிண்ணே கூப்பிடுறது? கல்யாணமாகி இம்புட்டு நாளா அவுக முன்னாடி நின்னு ஒரு வார்த்தை பேசினதில்ல. கதவுக்குப் பின்னாடி நின்னு மகளுக்குச் சொல்லுவேன், அவ அவுகளுக்குச் சொல்லுவா. எங்க வழக்கம் அது. இருமினேன். வளையலக் குலுக்குனேன். ‘ஏட்டி, மாப்பிள்ளைக்குத் தண்ணி குடுடி’ன்னேன். அவ எந்திரிக்கல. தோளத் தொட்டு உலுக்கியிருக்கணும். கைய நீட்டிட்டேன். தொடுறதான்னு யோசிச்சேன். யோசிக்கயிலயே மரம் வந்துருச்சு.”

முன்னால் இருந்த இருவருக்கும் பெல்ட் இருந்தது, ஏர்பேக் பலூன் விரிந்தது. பின் சீட்டில் பாண்டியம்மா பெல்ட் போட்டிருக்கவில்லை. பின்னால் உட்காருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் போடுகிறோம்?

மகளும் மாப்பிள்ளையும் மயக்கத்தில். போன் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பாண்டியம்மா கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு இறங்கி, ரோட்டோரம் போய் நின்றிருக்கிறார். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. வலது கை தொங்கியது. இடது கையால் வருகிற வண்டியைக் கூப்பிட்டிருக்கிறார்.

“ஒரு பைக்கு வந்துச்சு. என்னையப் பாத்தான். கண்ணுக்குக் கண்ணு பாத்தாண்ணே. ஹாரன அழுத்தினவன் கை எடுக்காமப் பறந்துட்டான். பெறகு ஒரு வேனு. மெதுவாத்தேன் வந்துச்சு. கிட்ட வந்ததும் கண்ணாடிய ஏத்திக்கிட்டு ஓடிருச்சு. நான் கத்துறேன், சத்தம் வரல. நான் செத்துட்டனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. குனிஞ்சு காலப் பாத்தேன்… தரையில இருக்கான்னு.”

கடைசியில் ஒரு மினி பஸ் நின்றிருக்கிறது. கண்டக்டர் இறங்கி வந்து பார்த்திருக்கிறார். மூன்று பேரும் பிழைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது மாப்பிள்ளை, “பச்சைச் சேலையில ஒரு உருவம் குறுக்க நின்னுச்சு” என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் ஊரே சாட்சி சொன்னது. ‘ஆமா, நாங்களும் பாத்தோம்.’ பைக்கில் போனவன் பார்த்திருந்தான். வேன்காரன் பார்த்திருந்தான். அடுத்த வாரம் கல் வந்தது. அப்புறம் வளையல் வந்தது.

“நீங்க சொல்லலையா?”

“மாப்பிள்ளை தூங்கிட்டாருன்னு மாமியா வாயால சொல்றதா? எம் மக அந்த வீட்டுல எப்படிண்ணே வாழுவா?” கிரைண்டரைப் போட்டுவிட்டார். அதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சிம்மக்கல்லில் என் பள்ளித் தோழன் ஜெபராஜ் வக்கீல். கீழே மொத்தக் கடை, மிளகாய் வற்றல் நெடி. மேலே அவன் ஆபீஸ். விபத்து வழக்குகள்தான் அவனுக்குச் சோறு போடுகின்றன. முழுக்கக் கேட்டான். தும்மினான். பிறகு சொன்னான்.

“மாப்ள, பேய்க்குச் சம்மன் அனுப்ப முடியாதுடா.”

“சிரிக்காத. அந்தம்மாவுக்கு வழி இருக்கா, இல்லையா?”

“காருக்குள்ள சும்மா உக்காந்து வந்தவங்க மேல என்ன தப்பு? ஸ்டியரிங் அவங்க கையிலயா இருந்துச்சு? எந்த வண்டி மேல தப்போ, அந்த வண்டி இன்சூரன்ஸ்கிட்ட கேக்கலாம். ஆன செலவு, இனிமே ஆகப்போற ஆபரேஷன், உழைக்க முடியாமப் போனது, பட்ட வலி… எல்லாத்துக்கும் கேக்கலாம்.”

“ஓட்டினது மாப்பிள்ளைடா!”

“இருக்கட்டுமே. சொந்தக்காரவங்க கேக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லல. மனுவுல அவரு பேரு வரும். பாலிசியும் லைசென்ஸும் சரியா இருந்தா, பணம் கட்டப்போறது கம்பெனி, அவரு இல்ல. ஆனா என்ன பாலிசின்னு பாத்துக்க. வெறும் தேர்டு பார்ட்டின்னா, அந்தக் காருக்குள்ள இருந்தவங்களுக்கு வராது. பேக்கேஜ் பாலிசின்னா உள்ள உக்காந்தவங்களுக்கும் உண்டு.”

விசாரித்துவிட்டுத்தான் போயிருந்தேன். புதுக் கார். பேக்கேஜ்தான்.

“அப்ப எதுக்குடா பேயி? உருவம் குறுக்க வந்துச்சுன்னா ஓட்டினவரு மேல தப்பில்லைன்னு ஆயிரும். கம்பெனி வக்கீலு அதத்தான் புடிச்சுக்குவாரு. தப்பு யாருதுன்னு காட்டாம வாங்குறதுக்கும் ஒரு வழி இருக்கு, ஆனா அது இவ்வளவுதான்னு சட்டம் கட்டி வச்ச தொகை. அந்தக் கைக்கு அது பத்தாது. உண்மையச் சொல்லணும். மாப்பிள்ளை மேல கவனக்குறைவுன்னு போலீஸ் கேஸும் வரும், அத நான் மறைக்க மாட்டேன். இன்னொன்னு, ஆறு மாசத்துக்குள்ள மனுப் போடணும்னு சட்டம் சொல்லுது. நாலு மாசம் போயிருச்சுல்ல?”

படியிறங்கும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நம் ஊரில் விபத்துக்குக் காரணம் கேட்டுப் பாருங்கள். நேரம் சரியில்லை… கண்ணு பட்டுருச்சு… அந்த இடத்துல ஏதோ இருக்கு. ‘தூங்கிட்டேன்’ என்று சொன்ன ஒருவரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பேய் ரொம்ப வசதி. பேய்க்குச் சம்பந்தி வீடு கிடையாது. பழி சுமத்தினால் முறைத்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போகாது.

ஜெபராஜ் சொன்னதையெல்லாம் பாண்டியம்மாவிடம் ஒப்பித்தேன். மாவை அள்ளிப் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டனுப்பினார். “மகளும் மாப்பிள்ளையும் வாராக. ஒரு துணைக்கு நின்னுக்கங்கண்ணே.”

மாவுப் பாத்திரமும் கையுமாக நின்றேன். மாப்பிள்ளை நல்ல பையன். ஆனால், முகத்தில் களையே இல்லை, கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. அவர் உள்ளே வந்ததும், வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போகக் கிளம்பிய பாண்டியம்மா, பாதியில் நின்றார். திரும்பி வந்தார். நேராக அவர் முன்னால் நின்றார்.

“மாப்பிள்ளை… நீங்க தூங்கிட்டீக.”

மகள், “அம்மா!” என்று அலறினாள்.  மாப்பிள்ளை கோபப்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“தெரியல அத்தை. சத்தியமாத் தெரியல. கண்ணு முழிச்சப்ப கண்ணாடிக்கு வெளிய, லைட்டு வெளிச்சத்துல, பச்சைச் சேலை நின்னுச்சு. அதுதான் குறுக்க வந்துச்சுன்னு நெனச்சுட்டேன். நாலு மாசமாக் கனவுல வருது. கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. மூஞ்சி மட்டும் தெரிய மாட்டேங்குது.”

“இந்த மூஞ்சிதேன் மாப்பிள்ளை. உங்களக் காப்பாத்தச் சொல்லி வண்டிகளக் கூப்பிட்டுக்கிட்டு நின்னேன்.”

அந்தப் பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். பாண்டியம்மா இந்த முறை யோசிக்கவில்லை. இடது கையால் அவர் தோளைத் தொட்டார்.

மறுநாளே மாப்பிள்ளை ஸ்டேஷனுக்குப் போய், தூங்கியதைச் சொன்னார். பாண்டியம்மாவும் வாக்குமூலம் கொடுத்தார். ஜெபராஜ் மனு போட்டுவிட்டான். பணம் வர நாளாகும், கம்பெனி சும்மா கொடுத்துவிடாது என்றும் சொல்லியிருக்கிறான். ஆனால், ஆபரேஷனுக்கு மாப்பிள்ளை காத்திருக்கவில்லை. காரை விற்றுவிட்டார். பாண்டியம்மா ஆஸ்பத்திரியில் சேரும் நாள் குறித்தாகிவிட்டது.

அதற்கு முன் இடத்தைக் காட்டச் சொல்லிப் போலீஸ் கூப்பிட்டது. ராசுவின் காரில்தான் போனோம். பாண்டியம்மா யார் என்று சொன்னதும் ராசு கண்ணாடி வழியாக அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பாண்டியம்மா கல்லின் முன்னால் நின்றார். புதிதாகச் சூடம் எரிந்த கரி. “எனக்கே சூடம் ஏத்தி வச்சிருக்காய்ங்க” என்றார். சிரிக்கவில்லை.

“எங்கம்மா நின்னீங்க?” என்று ஏட்டையா கேட்டார். பாண்டியம்மா ரோட்டோரம் போனார். வலது கை தானாகத் தொங்கியது. இடது கையைத் தூக்கிக் காட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு பைக். பட்டப்பகல். ஓட்டி வந்தவன் அவரைப் பார்த்தான். அவ்வளவுதான், ஹாரனை அழுத்தியபடி பறந்தான்.

“டேய்! இப்பவும் நிக்க மாட்டீங்களாடா!” அந்தக் குரல் கண்மாய்க் கரையைத் தாண்டிக் கேட்டது.

எழுமலையில் அவருடைய சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாயும்போது திரும்பினோம். வளைவு வந்தது. ராசு கண்ணாடிகளை இறக்கினார். ஹாரனில் கை வைத்தார்.

“என்னண்ணே இது? அதான் அவங்க நம்ம வண்டிக்குள்ளயே இருக்காங்களே!”

“அதனாலதேன் சார் பயமா இருக்கு,” ராசுவின் குரல் உடைந்திருந்தது. “அப்ப… மரத்தடியில நிக்கிறது யாரு?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இறுக்கி மூடிக்கொண்டேன். பின் சீட்டிலிருந்து பாண்டியம்மாவின் குரல் வந்தது.

“வண்டிய நிப்பாட்டுங்கண்ணே. யாரா இருந்தாலும் நிப்பாட்டுங்க.”

ராசு நிறுத்தினார். பாண்டியம்மா இடது கையால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். புளியமரம் அசையவில்லை. யாரும் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கதவைச் சாத்தினார். கிளம்பினோம்.

ரோட்டோரம் யாராவது கை காட்டினால் நீங்களும் நிறுத்துங்கள்… மனுஷியாக இருந்தால் பிழைத்துக்கொள்வாள். பேயாக இருந்தால் ஏறவே ஏறாது. பேய்க்கு எதற்கு லிஃப்ட்?