சித்தையன் வரைந்த நிழல்

சித்தையன் மைசூர் டிப்போவில் கண்டக்டர். பதினாறு வருடமாக மாதேஸ்வரன் மலை பஸ்ஸில்தான் டூட்டி. மலைக் கோயிலுக்கு வரும் தமிழ் ஜனங்கள் வழியெல்லாம் அவரிடம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதியே ஒரு வழிகாட்டிப் புத்தகம் சேர்த்து வைத்திருந்தார். தண்ணீர் எங்கே கிடைக்கும், கால் வலித்தால் எங்கே உட்காரலாம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எல்லாம் இருந்தது. ஓடும் பஸ்ஸில் எழுதியது. மலை வளைவு வரும் இடத்தில் கையெழுத்தும் சாய்ந்திருக்கும்.

1997இல் நான் மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு டிடிபி சென்டரில் இருந்தேன். கன்னடம், தமிழ் இரண்டும் அடிக்கத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். அதனால் அந்த நோட்டு என்னிடம் வந்தது.

கூடவே பதினெட்டுப் பாதைப் படங்கள், அவரே பேனாவால் வரைந்தவை. "வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாதுங்க அம்மணி. அவுங்களுக்குப் படந்தான் புஸ்தகம்" என்றார்.

படங்களை ஸ்கேன் செய்ததும் புத்தகம் ஒன்பது எம்பி ஆகிவிட்டது. ஒரு பிளாப்பி ஒன்றரை எம்பிகூடத் தாங்காது. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, ஏழு பிளாப்பிகளில் துண்டு துண்டாக ஏற்றி எண் போட்டுக் கொடுத்தேன். ஏழும் சேர்ந்தால்தான் திறக்கும்.

அச்சடிப்பது மலைக்குப் போகும் வழியில் உள்ள கொள்ளேகாலில், அவர் நண்பர் லிங்கப்பனின் பிரஸ்ஸில். திங்கட்கிழமை காலைக்குள் வராவிட்டால் மெஷினில் கல்யாணப் பத்திரிகைகள் ஏறிவிடும். பிறகு சிவராத்திரிக்குப் புத்தகம் கிடையாது.

வெள்ளிக்கிழமை வாங்கிப் போனவர் சனிக்கிழமை மூன்று மணிக்குத் திரும்பி வந்தார்.

"லிங்கப்பன் பிரஸ்ஸுல மூணாவது தெறக்க மாட்டேங்குதுங்களாம்."

பிளாப்பியின் தகர மூடியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகப் பொடி.

"என்னண்ணா இது?"

"விபூதிங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னால சாமி காலடியில வெக்க வேண்டாமா?"

"அதுக்கு உள்ளயா பூசுவாங்க?"

"பூசாரி ஏழுக்கும் மேலதான் தொட்டு வெச்சாரு. பிளாஸ்டிக்குல பூசினா எழுத்துக்கு எப்படிங்க போய்ச் சேரும்? ஒண்ணுக்காச்சும் உள்ள போகட்டும்னு நாந்தான் மூடியத் தள்ளிப் புடிச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. ஐந்து மணி பஸ்ஸில் அவர் மறுபடி டூட்டிக்குப் போக வேண்டும். அதை விட்டால் அடுத்த டூட்டி செவ்வாய்க்கிழமை.

மறுபடி ஏழிலும் ஏற்றித் தரலாம், ஆனால் வழியில் எது கெட்டாலும் இதே கதைதான் என்றேன்.

"ஒரு பஸ் நின்னா மத்த ஆறும் நிக்குமா? எந்த ஊரு நியாயம்ங்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பேனாக் கோடுகளுக்குக் கறுப்பு வெள்ளையே போதும். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சாம்பல் நிறச் சாயலோடு ஸ்கேன் செய்திருந்தேன். அது என் தவறு. வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் படம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒன்றை மாற்றித் திரையில் காட்டினேன்.

சித்தையன் கிட்டே வந்து பார்த்தார். "நெழலு எங்கீங்க போச்சு?"

கோடுகள் இருந்தன. ஓரத்தில் அவர் பென்சிலால் தேய்த்திருந்த இடம் வெறும் வெள்ளையாகிவிட்டிருந்தது.

"வெயில்ல ஏறி வர்றவங்களுக்கு மரத்து நெழலு எங்கன்னு காட்டத்தான் தேச்சு வெச்சேன். அது இல்லாம பாதை எதுக்குங்க?"

சாம்பல் நிறம் வேண்டுமென்றால் ஏழு பிளாப்பிதான் என்றேன். அவர் திரையையும் தன் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"புள்ளி வெச்சா வருமா?"

வரும். புள்ளியும் கறுப்புதானே.

நிழல் இருந்தது ஐந்து படங்களில். ஸ்டூலில் உட்கார்ந்து, பென்சில் தேய்த்த இடமெல்லாம் பேனாவால் புள்ளி வைத்தார். ஒவ்வொன்றாக வாங்கி நான் மறுபடி ஸ்கேன் செய்தேன். நாலரைக்குக் கடைசிப் படமும் முடிந்தது. எழுத்தும் படமும் சேர்ந்து ஆயிரத்து முந்நூற்றுப் பத்து கேபி. ஒரே பிளாப்பி.

"இன்னும் நூறு கேபி இடம் இருக்குண்ணா."

"அப்ப இன்னும் ரெண்டு பேரு நின்னுட்டு வரலாம்" என்று அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

இரண்டு பிரதிகள் போட்டுக் கொடுத்தேன். ஒன்று டிக்கெட் பையில், ஒன்று சட்டைப் பையில். வாசலில் நின்று, "விபூதி?" என்றார்.

"கவர் மேல மட்டும்."

திங்கட்கிழமை காலை லிங்கப்பன் போன் செய்தார். "ஓப்பன் ஆயித்தம்மா" என்று கன்னடத்தில், திறந்துவிட்டதென்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சிவராத்திரி முடிந்து சித்தையன் எனக்கொரு புத்தகம் கொண்டுவந்தார். பஸ்ஸில் ஒரு அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "கண்டக்டரே, இந்தப் புள்ளி வெச்ச எடத்துல எறக்கி வுடு, செத்த உக்காரணும்" என்று கேட்டதாம்.

"எறக்கி விட்டீங்களா?"

"அங்க ஸ்டாப் இல்லீங்க அம்மணி" என்றார். பிறகு, "டிரைவர் திட்டினாரு. விசிலடிச்சு நிப்பாட்டிட்டேன்."