அண்ணன் படிக்க ஒரு பின்னட்டை

பதிப்பகத்தில் அவளை எல்லாரும் 'அட்டையக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புத்தகங்களுக்குப் பின்னட்டைக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. முழுக்கப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவாள். முதலாளிக்கு அந்தப் பொறுமை கிடையாது. தூங்கி வழியும் நாவலுக்கும் 'கீழே வைக்க முடியாதது' என்று போடச் சொல்வார்.

"பசை ஒட்டியிருக்கான்னு கேக்கப்போறாங்க சார்" என்பாள். அவர் சிரித்துவிட்டு அதையே போடுவார்.

அவளுடைய அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. அப்பா செத்துப்போனபோதும் சொல்லியனுப்ப வழியில்லை. புத்தகக் கடையைக் கண்டால் அவனுக்குக் கால் நகராது. வாங்க மாட்டான், உள்ளே புரட்டவும் மாட்டான். திருப்பிப் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு வைப்பான். அதை நம்பித்தான் அவனைப் பற்றி அவள் ஒரு நாவல் எழுதினாள். முதலாளியும் வெளியிடச் சம்மதித்தார்.

பின்னட்டைக்கு அவள் கொடுத்தது இவ்வளவுதான்: 'அண்ணா, அப்பா இப்போது இல்லை. அம்மா இருக்கிறாள். நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம்.'

"என்னம்மா இது, காணவில்லை விளம்பரமா?" என்றார் முதலாளி.

"ஆமா சார். அதுக்குத்தான் இந்தப் புத்தகமே."

"யாரோ வீட்டு விவகாரம்னு வச்சிட்டுப் போயிடுவாங்க. வேணும்னா உள்ள போட்டுக்கோ."

"உள்ள போட்டா அவன் பாக்க மாட்டான் சார்."

அவர் மசியவில்லை. பின்னட்டையில் 'நெஞ்சை உலுக்கும் பாசப் போராட்டம்' என்று போட்டுப் புத்தகம் வெளிவந்தது. முன்னட்டையில் இருந்த அவள் பேரோ தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர்.

அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. அட்டையைத் தடவிப் பார்த்து, "பின்னாடி என்னடி போட்டிருக்கு?" என்றாள்.

அச்சில் இருந்ததை அப்படியே படித்துக் காட்டினாள்.

"இது யாரைப் பத்தி?"

"அண்ணனைப் பத்திதான்மா."

"அது அவனுக்கு எப்படிடி தெரியும்?"

அம்மா புத்தகத்தை அவள் மடியில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

யாரும் வரவில்லை. கடைகளிலிருந்து புத்தகங்கள் கட்டுக்கட்டாகத் திரும்பின. முதலாளி நல்ல மனுஷன்தான். ஒருநாள் அவள் மேசைப் பக்கம் வந்து, "மனசை விட்டுடாதே. அடுத்த நாவல் எப்போ?" என்றார்.

"எனக்கு இருந்தது ஒரே அண்ணன் சார்" என்று சொல்லிவிட்டு, யாரோ எழுதிய காதல் கதையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.