பொங்கல்படிக்கு ஆஸ்திரேலியா

ஐரோப்பாவை நான் எத்தனை தடவை பிடிச்சேன்னு கணக்கு வச்சுக்கிடல. பிடிக்கது ஒண்ணும் பெரிய காரியமில்ல. வச்சிருக்கதுதான் பாடு. எந்தப் பக்கம் திரும்புனாலும் வாசல், யார் வேணா உள்ள வரலாம். ஐந்தருவிக்குப் போற ரோட்டுல சிப்ஸ் கடை வச்சிருக்கவளுக்கு ஐரோப்பா எதுக்குன்னு கேக்காதீங்க. எங்க மருமகன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியிருந்தாருன்னா நான் ஏன் அந்தப் பக்கம் போகப்போறேன்.

எங்க பக்கத்துல மாமியாரும் மருமகனும் எதிரெதிரா உக்காந்து பேசுத வழக்கம் கிடையாது. அவரு வந்தா நான் அடுக்களை வாசல்ல நின்னு "வாங்க மருமகனே"ன்னு சொல்லுவேன். அவரு "ஆமா அத்தை"ம்பாரு. அதோட அன்னைக்குப் பேச்சு முடிஞ்சிரும். மத்த வீடுகள்ல மருமகன் மாமனாருகிட்டயாவது பேசுவாரு. இவருக்கு அந்தப் பழக்கமும் இல்ல. சுரண்டையில பைப்பு, மோட்டார் விக்கிற கடை வச்சிருக்காரு. வாயே திறக்காம எப்படி மோட்டார் விக்காருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

தலை தீபாவளிக்கு மகளும் அவரும் வந்து தங்கியிருந்தாங்க. நல்ல மழை. அருவியில தண்ணி காட்டுத்தனமா விழுந்து, குளிக்க விடாம கயிறு கட்டிட்டாங்க. ரோட்டுல ஆளே இல்ல, யாவாரமும் இல்ல. மருமகன் சேர்ல உக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. முறுக்குத் தட்டை வைக்கப் போன நான், சும்மா ஒரு பேச்சுக்கு "என்ன பாக்கீங்க மருமகனே"ன்னு கேட்டேன்.

"உலகம், அத்தை"ன்னாரு.

உண்மையிலேயே உலகம்தான். படம் பூரா கலர் கலரா நாடு, ஒவ்வொண்ணு மேலயும் ஒரு நம்பர். அந்த நம்பர்தான் அங்க நிக்கிற பட்டாளமாம். அன்னைக்குச் சாயங்காலமே என் போன்லயும் எங்க வீட்டுக்காரர் போன்லயும் அதை ஏத்திக் குடுத்தாரு. மூணு பேரும் ஒரே ஆட்டம். "ஆளுக்கு ஒரு நாள் டைம் அத்தை, அதுக்குள்ள ஆடலைன்னா நமக்குப் பதிலா மிஷின் ஆடிரும்"னு சொன்னாரு. அவரு எங்கிட்ட அவ்வளவு நீளமாப் பேசுனது அதுதான் முதல் தடவை.

ஆட்டம் ஒண்ணும் கஷ்டமில்ல. நம்ம சுத்து வந்ததும் புதுசாக் கொஞ்சம் ஆள் குடுப்பாங்க. அவங்களை எங்க வேணுமோ அங்க இறக்கணும். பக்கத்து நாட்டை அடிக்கணும்னா அடிக்கலாம், போன் தாயக்கட்டையை உருட்டி யாரு செத்தாங்கன்னு சொல்லிரும். கடைசியா, ஒரு இடத்துல கிடக்கவங்களை இன்னொரு இடத்துக்கு நகத்திட்டு, முடிஞ்சுதுன்னு ஒரு பட்டனை அமுக்கணும். அமுக்குனது அமுக்குனதுதான், திரும்ப வாங்க முடியாது. எந்த நாட்டை விட்டுக் கிளம்புனாலும் அங்க ஒரு ஆளாவது நிக்கணும், கடையை யாரும் இல்லாமப் போட்டுட்டுச் சாப்பிடப் போக முடியாதுல்லா, அது மாதிரி. ஒரு கண்டம் முழுசா நம்ம கையில இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் கூடுதலா ஆள் வரும்.

எல்லாரும் முதல்ல ஆசியாவுக்குத்தான் ஆசைப்படுவாங்க. பெரிசா இருக்குல்லா. ஆசியா தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு கணக்கா, எவன் எந்த வழியா வருவான்னே சொல்ல முடியாது. விவரமானவங்க ஆஸ்திரேலியாவைப் பிடிப்பாங்க. அதுக்கு ஒரே வாசல்தான், இந்தோனேசியா. அங்க நல்லா ஆளை நிறுத்திட்டா உள்ள கிடக்கவங்க நிம்மதியாத் தூங்கலாம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரல. மூணு தடவை ஆசியாவுல உதை வாங்கி நானாத் தெரிஞ்சுக்கிட்டது.

இதுல எனக்கு வந்த சங்கடம் வேற. மருமகனை எப்படி அடிக்கது? தலை தீபாவளிக்கு வந்த மனுஷனை முறுக்குக் குடுத்த கையால பிரேசில்ல வச்சு அடிக்க முடியுமா? நான் அடிக்கல. அவரும் மாமியாரை அடிக்கக் கூடாதுன்னு என் எல்லையில இருந்து ஆளையெல்லாம் வாபஸ் வாங்கி வேற பக்கம் அனுப்பிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் மாறி மாறி மரியாதை பண்ணிக்கிட்டு இருந்த நேரத்துல எங்க வீட்டுக்காரர், எண்ணெய்ச் சட்டி முன்னால நின்னுக்கிட்டு, எண்ணெய்க் கையாலயே போனைத் தேச்சுத் தேச்சு உலகத்தையே பிடிச்சிட்டாரு. எங்கிட்ட இருந்து ரஷ்யா போனது எப்படின்னே தெரியல. படத்துல ரஷ்யா ஒரு ஓரத்துலயும் அலாஸ்கா இன்னொரு ஓரத்துலயும் கிடக்கு. ரெண்டும் பின்னால ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அந்த மனுஷன் கண்டுபிடிச்சிருக்காரு. மார்கழி பூரா அவரைக் கையில பிடிக்க முடியல. சிப்ஸ் வாங்க வாரவங்ககிட்டயெல்லாம் அலாஸ்கா வழியாப் போனதைச் சொன்னாரு.

ரெண்டாவது ஆட்டம் ஆரம்பிச்ச நேரத்துல பொங்கல் வந்துட்டு. கட்டிக் குடுத்த பொண்ணு வீட்டுக்குப் பொறந்த வீட்டுல இருந்து பொங்கல்படி கொண்டு போணும். அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சக்குலை, பனங்கிழங்கு, தலைப் பொங்கல்னா வெங்கலப் பானையும் சேத்து. எல்லாம் எடுத்து வச்ச பிறகும் எனக்கு மனசு ஆறல. ஆஸ்திரேலியா அப்ப எங்கிட்ட இருந்துது. இந்தோனேசியாவுல நின்ன பட்டாளத்தை மேல இழுத்துட்டு, ஆஸ்திரேலியாவுல ஒவ்வொரு இடத்துலயும் ஒத்தை ஆளை விட்டு வச்சேன். எங்க வீட்டுக்காரர் சுரண்டைக்குப் போய்ப் பானையை இறக்கி வச்சுட்டு, "ஆஸ்திரேலியாவும் இருக்கு மாப்ளே, எடுத்துக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு வந்தாரு.

மருமகன் போனைப் பாத்துட்டுச் சிரிச்சாராம். மக சொன்னா. கல்யாணம் ஆனதுல இருந்து அவரு அப்படிச் சத்தமாச் சிரிச்சு அவ பாக்கலையாம். என்னடான்னு அவங்க அம்மா கேட்டதுக்கு, "அத்தை ஆஸ்திரேலியா குடுத்திருக்காங்க"ன்னு சொல்லியிருக்காரு. "யாரு பேர்ல இருக்கு?"ன்னு எங்க சம்பந்தியம்மா கேட்டிருக்காங்க.

அன்னைக்கே அவரு சுத்துல ஆஸ்திரேலியாவை எடுத்துக்கிட்டாரு. அந்த ஆட்டம் அதுக்குப் பிறகு நகரவே இல்ல. எங்க வீட்டுக்காரரை நானும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் வேலி போட்டு நிறுத்திட்டோம். மத்தபடி ஒருத்தரை ஒருத்தர் தொடல. மாசி போச்சு, பங்குனி போச்சு. தினமும் ஆள் இறக்குவோம், பட்டனை அமுக்குவோம்.

ஆடிக்கு மகளைக் கூட்டிட்டு வந்தோம். கல்யாணமான முதல் ஆடியில பொண்ணு பொறந்த வீட்டுல இருக்கணும், மாசம் முடிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டுல வந்து கூட்டிட்டுப் போவாங்க. சீசன் நேரம். சாரல் விடாம அடிச்சுது, கடையில நிக்க இடமில்லாத கூட்டம். மக எங்ககூட நின்னு நேந்திரங்காய் சீவுனா. அவ எம்.எஸ்சி., பி.எட். சீவுத வேகத்தைப் பாத்தே எனக்குச் சந்தேகம் வந்துட்டு. காய் மேல என்ன கோவம் அவளுக்கு?

மெல்லக் கேட்டேன். தென்காசியில ஒரு ஸ்கூல்ல டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. "எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் வேலைக்குப் போனதில்ல"ன்னு சம்பந்தியம்மா சொல்லியிருக்காங்க. சரி, அது அவங்க பேச்சு. இவ புருஷனைப் பாத்திருக்கா. அவரு போனைப் பாத்திருக்காரு. "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு கேட்டதுக்கு "பாப்போம்"னாராம்.

"அந்த ஒரு வார்த்தையை அவங்க அம்மாகிட்டச் சொல்லிட்டு வந்து கூப்பிடட்டும், போறேன். இல்லைன்னா நான் இங்கனயே காய் சீவுதேன்"னா. இது கோவத்துல சொல்லுத பேச்சில்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. என் வயித்துல பொறந்தவ, சொன்னா சொன்னதுதான்.

ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்துட்டு. மருமகன் வரல. நாங்களாக் கொண்டு போய் விட்டா அது ஒரு கேவலம், அவங்களா வராம இருந்தா அது ஒரு கேவலம். பக்கத்துல சோப்பும் துண்டும் விக்கிற கடைக்காரி தினமும் கேட்டா, "என்னக்கா, மருமகன் இன்னும் வரலியா?" "மோட்டார் சீசன்"னு சொன்னேன். அப்படி ஒரு சீசன் இருக்கான்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கு எது தாங்கலைன்னா, பொண்டாட்டிக்கு ஒரு போன் இல்ல, ஆனா தினமும் மத்தியானம் தவறாம கிரீன்லாந்துல கொண்டு வந்து ஆள் இறக்குதாரு. ஒரு நாளாவது மிஷின் ஆடியிருந்தா, சரி, மனுஷன் மனசொடஞ்சு கிடக்காருன்னு நெனச்சிருப்பேன். இறக்குதாரு, பட்டனை அமுக்குதாரு, போறாரு. அடிக்கவும் இல்ல, பேசவும் இல்ல. என் மக இங்க ராவுன்னும் பகலுன்னும் இல்லாம வாடிப் போய் நிக்கா. எனக்கு உச்சிக்கு ஏறிட்டு.

அன்னைக்குக் காலையில என் சுத்து வந்ததும் புதுசா வந்த ஆளையெல்லாம் இந்தோனேசியாவுக்கு மேல என் எல்லையில இறக்குனேன். அவரு எல்லையில ஒத்தை ஒத்தை ஆளாத்தான் வச்சிருந்தாரு, மாமியார் பக்கத்துல இருந்து என்ன வரப்போகுதுன்னு. அடிச்சேன். ஆஸ்திரேலியா முழுசையும் பிடிச்சேன். பட்டனையும் அமுக்குனேன். அப்பாடான்னு இருந்துது. போய் எங்க வீட்டுக்காரருகிட்டக் காட்டுனேன்.

அவரு கரண்டியைச் சட்டி மேல வச்சுட்டு என்னைப் பாத்தாரு. "ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? சீராக் குடுத்ததைத் திருப்பி எடுத்துட்டியே."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. எங்க பக்கத்துல ஒரு கல்யாணம் முறிஞ்சா வக்கீலுக்கு முன்னால வேன் வரும். பொண்ணு வீட்டுக்காரங்க வேனைக் கொண்டு போய் நிறுத்தி, குடுத்த கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாத்தையும் ஏத்துவாங்க. தெருவே நின்னு பாக்கும். பீரோ வெளிய வந்துட்டா பிறகு யாரு வந்து பேசுனாலும் ஒட்டாது. நான் பொங்கல்படியாக் குடுத்ததை, ஆவணி மாசம், மக வீட்டுல இருக்கும்போது, ஒரு வார்த்தை சொல்லாம ஏத்திட்டு வந்துட்டேன். என் மக வாழ்க்கையை நானே ஒரு பட்டனை அமுக்கி முடிச்சு வச்சிட்டேனோ. திரும்ப வாங்க வழி இருக்கான்னு போன்ல எங்கெல்லாமோ தட்டிப் பாத்தேன். விளம்பரம்தான் வந்துது.

"உங்க சுத்தைப் பிடிச்சு வையுங்க, அவருக்குப் போகாம இருக்கட்டும்"னேன். "நான் ஆடலைன்னா மிஷின் ஆடிரும். ஆடுனாலும் ஆடாட்டாலும் படம் அவரு கண்ணுக்குத் தெரியத்தான செய்யும்"னாரு. மருமகன் நம்பரை எடுத்துப் போன் அடிச்சேன். ஒரு ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். எடுத்தா என்னன்னு பேசுவேன்? மககிட்ட ஒண்ணும் சொல்லல. மத்தியானம் கிரீன்லாந்துல ஆள் இறங்கல. அன்னைக்குப் பூரா சிப்ஸ்ல உப்புப் போட்டேனா இல்லையான்னே தெரியல.

மறுநாள் காலையில கடையில நல்ல கூட்டம். பைக் வந்து நின்னுது. மருமகன். சாரல்ல தொப்பலா நனைஞ்சு சட்டை ஒட்டிக் கிடக்கு. கேரளாக்காரங்க நாலஞ்சு பேரு சிப்ஸுக்கு நிக்காங்க, அவங்களுக்கு நடுவுல வந்து தராசு முன்னால நின்னாரு. ஒதுங்கி நிக்க எனக்கு அங்க அடுக்களை வாசலும் இல்ல.

"ஆஸ்திரேலியாவை ஏன் அத்தை எடுத்தீங்க?"

"நீங்க சும்மா போட்டு வச்சிருந்தீங்க, எடுத்தேன்"னேன். பயத்துல வேற ஒண்ணும் வாயில வரல.

அவ்வளவுதான், மனுஷன் பேச ஆரம்பிச்சாரு. "சீராக் குடுத்ததை எடுத்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன தப்புப் பண்ணுனேன்? உங்க மேல ஒரு ஆளை விட்டிருக்கேனா? மாமா அலாஸ்கா வழியா வந்தப்பக்கூட நான்தான் குறுக்க நிறுத்துனேன். அவளை என்னைக்காவது ஒரு சொல்லு சொல்லியிருக்கேனா?" கேரளாக்காரங்க பையைப் பிடிச்சபடியே நின்னு கேக்காங்க. எங்க வீட்டுக்காரர் அடுப்பை அணைச்சுட்டாரு.

மக காய் சீவுத பலகையோட எந்திரிச்சு வந்தா. "அதான் பிரச்சினை. என்னையும் ஒண்ணும் சொல்லல, உங்க அம்மாகிட்டயும் ஒண்ணும் சொல்லல"ன்னா.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"நேத்து மத்தியானம் படத்தைப் பாத்தேன். கடையை அப்படியே போட்டுட்டு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவ வேலைக்குப் போவா, அதை நான் முடிவு பண்ணிட்டேன்னு."

"அதுக்கு உங்க அம்மா என்ன சொன்னாங்க?"

அவரு சட்டை நுனியைப் பிழிஞ்சாரு. "ஆஸ்திரேலியா போனாப் போகுது, பீரோ போயிரக் கூடாதுன்னாங்க."

மக சிரிச்சுட்டா. சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்து, பலகையை எங்க வைக்கன்னு தெரியாம அவரு கையிலேயே குடுத்துட்டா. அவரு அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. எனக்கும் கண்ணு நிறைஞ்சு போச்சு. சிப்ஸ் நிறுத்துக் குடுத்துக்கிட்டு இருந்ததால யாரும் கவனிக்கல.

ஸ்கூல்ல அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருந்துது. மக போய்ச் சேந்துட்டு, சாயங்காலம் தென்காசியில இருந்து நேரா சுரண்டை பஸ் ஏறிட்டா. இப்ப தினமும் மத்தியானம் ஸ்கூலுக்கு அவருகிட்ட இருந்து போன் வருதாம். என்ன பேசுவாருன்னு கேட்டேன். "சாப்பிட்டியாம்பாங்க, பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாங்க"ன்னா. அது போதும்.

எங்க வீட்டுக்கு வந்தா இப்பவும் "ஆமா அத்தை"தான். ஆட்டமும் அப்படியேதான் கிடக்கு. ஆஸ்திரேலியாவைத் திருப்பிக் குடுத்துரு, குடுத்துருன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டே இருக்காரு. ஆஸ்திரேலியாவுல ஒவ்வொரு இடத்துலயும் ஒத்தை ஆளைத்தான் நிறுத்தியிருக்கேன், இந்தோனேசியாவுலயும் ஒத்தை ஆளுதான். மருமகன் நெனச்சா ஒரே சுத்துல எடுத்துக்கிடலாம். அடிக்க மாட்டேங்காரு. கேட்டாலும் குடுத்துருவேன். ஆனா வாயைத் திறந்து கேக்கணும். அதுவரைக்கும் அது எங்கிட்டயே இருக்கட்டும்.