பெரட்டில் விழுந்த பேர்

நாலு நாள் மழைக்குப் பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளின் மேல் மலை சரிந்து இறங்கியது. மாத்தளைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம். வரிசையின் கடைசி மூன்று காம்பரா அறைகளும் கீழ் லயத்தில் பாதியும் மண்ணுக்குள் போயின. கடைசிக் காம்பராவில் அக்கா குடும்பம் இருந்தது. அக்கா கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். மச்சான் காய்ச்சலில் உள்ளே படுத்திருந்தார். மற்ற இரண்டு காம்பராக்காரர்களும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

மதியம் தோண்டி மீட்க ஆமிக்காரர்கள் வந்தார்கள். தோட்டத்துக் கிளாக்கர், காலைப் பெரட்டில் வேலைக்கு வந்தவர்களின் பேர் போடும் செக்ரோலையும், கிராம சேவகர் ஓட்டு லிஸ்ட்டையும் கொண்டு வந்தார்கள். ஆமிக்காரர்களின் ஐயாவும் இவர்கள் இரண்டு பேரும் மழைக்குக் கட்டிய சாக்குப் படங்கின் கீழ் நின்று தாள்களை ஒப்பிட்டார்கள். எங்கள் குடும்பத்துக்குக் குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை. அதனால் கிராம சேவகரின் தாளில் அக்காவின் காம்பராவில் ஆளே இல்லை. செக்ரோலில் மச்சான் வேலைக்கு வந்திருந்தார். அதனால் மேலே யாரும் இல்லை என்று எல்லோரையும் கீழ் லயத்தில் தோண்ட அனுப்பினார்கள்.

"ஐயா, எம்புருசன் உள்ள கெடக்குறாருங்க!" என்று அக்கா கத்தினாள்.

"பயத்துல பெனாத்தாத. இந்தா, காலையில பெரட்டுல பேரு விழுந்திருக்கு. மலையில எங்கயாச்சும் நிப்பான்," என்றார் கிளாக்கர்.

பேர் விழ வைத்தவன் நான்தான். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணி, "எங்கடா ஒங்க மச்சான்?" என்று கேட்டார். "காட்டுப் பக்கம் ஒதுங்கியிருக்காரு கங்காணி. சந்தேகம்னா போய் எட்டிப் பாருங்க," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்துக்கொண்டே பேர் போட்டார். எங்கள் பெரட்டில் இது வழக்கம். நானே எத்தனையோ நாள் அப்படிப் பேர் வாங்கிவிட்டு டவுனுக்குப் போயிருக்கிறேன்.

கிளாக்கரிடம் போய் அது பொய்ப் பேர் என்று சொன்னேன்.

"நீ வாயத் தொறந்தா பொய்தானே. போடா அங்கிட்டு."

ஆமி ஐயாவிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் என் அடையாள அட்டையைக் கேட்டார். என்னிடம் அது இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் கீழ் லயத்துக்கு ஓடினேன். கங்காணி மண் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஒங்க வேலைக்கே வெனயா வந்திரும், தெரியும். ஆனா மச்சான் பெரட்டுக்கு வரலன்னு நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

அவர் மண்வெட்டியைப் போட்டார். என்னைத் திட்டக்கூட இல்லை. மேலே ஏறி வந்து கிளாக்கர் முன்னால் நின்றார். "நா ஆள கண்ணால பாக்கலீங்க. இவன் சொன்னான், போட்டுட்டேன்."

கிளாக்கர் செக்ரோலில் மச்சான் பேர் மேல் ஒரு கோடு கிழித்தார். ஆமி ஐயா அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை மேலே கூப்பிட்டார். நான் அத்தனை முறை சொன்னதைவிட அந்தக் கோடு பெரிதாக இருந்தது.

பொழுது சாயும் நேரம் மச்சானை வெளியே எடுத்தோம். உத்தரம் விழுந்து ஒரு கால் நசுங்கியிருந்தது. உயிர் இருந்தது. லொறியில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் தலை என் மடியில். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

பாதி வழியில் மச்சான் கண்ணைத் திறந்தார்.

"டேய்... இன்னைக்கு பேரு போட்டாங்களாடா?"

வேறு நாளாக இருந்தால் இதற்கு நான் நூறு பதில் சொல்லியிருப்பேன்.

"பேர வெட்டிட்டாங்க மச்சான்," என்றேன்.