பூட்டி வைத்த தாய்மாமன்

பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, என் அண்ணனை மண்டபத்து மாடியறையில் உட்கார வைத்து வெளியே பூட்டினார்கள். தியாகதுருகத்தில் என் மகளின் கல்யாணம். பந்தல்கால் நட்டதிலிருந்து ஓடியாடிக்கொண்டிருந்த எனக்கு விஷயமே தெரியாது. மேளம் நின்ற ஒரு கணத்தில்தான் மேலே கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அண்ணன் கல்வராயன் மலைக்கு லாரி ஓட்டினவர். வெள்ளிமலையில் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு, மழையில்கூட அந்த வளைவுகளில் பாட்டுப் பாடியபடி இறங்குவார். அண்ணி இறந்துபோன பிறகு என்னோடுதான் இருக்கிறார். முதலில் சாப்பிட்டதை மறந்தார். பிறகு குளியலறைக்குப் போகும் வழி மறந்தது. இது மூளையில் வருகிற மறதி நோய், போகப்போகக் கூடத்தான் செய்யும் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லிவிட்டார். ஒருநாள் யாரும் பார்க்காதபோது மலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அங்கே பழைய பழக்கமுள்ள டீக்கடைக்காரர் அவருக்குக் கஞ்சி கொடுத்து, எனக்கும் போன் செய்தார். "அண்ணன் இங்கதாம்மா குந்திக்கினு இருக்காரு. நீ பதறாம வா." நான் போகிறவரை அவரைப் பேச்சுக் கொடுத்தே உட்கார வைத்திருந்தார்.

சொந்தக்காரர்கள் வேறு ரகம். எங்கள் பக்கத்தில் சர்க்கரை இருப்பவர் பந்தியிலேயே மாத்திரையை எடுத்து எல்லோருக்கும் தெரிய விழுங்குவார். இருதயத்தில் ஆபரேஷன் செய்தவர் சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டுவார். நினைவு தப்பினால் மட்டும் குடும்ப மானம் கப்பலேறிவிடுமாம். வீட்டுக்குள் "வயசானா அப்படித்தான்" என்பார்கள். வாசலில் யாராவது கேட்டால் "கால்வலி, படுத்திருக்காரு" என்பார்கள். இப்போது மனிதர்கள் நிறைய வருஷம் இருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு இந்த நோய் இருக்கிறது. இருப்பதாகச் சொல்லத்தான் ஒரு வாய் இல்லை. மூத்திரத் துணி துவைக்க வீட்டில் ஒருத்தி, பொய் சொல்ல மீதிப்பேர்.

பூட்டச் சொன்னவர் என் கணவரின் அண்ணன். போய்க் கேட்டேன். "பொண்ணோட மாமனே இப்டின்னா, நாளைக்கி அவளுக்கும் வரும்னு மாப்ள வூட்ல நெனைக்க மாட்டாங்களா? தாலி ஏறுற வரைக்கும் உள்ளயே இருக்கட்டும்" என்றார். என் கணவர் பந்தியைப் பார்க்கிறேன் என்று நழுவினார். பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் கட்டவேண்டிய பட்டத்தைக் கட்டுவதற்கு என் சித்தப்பா மகனைத் தயாராக நிறுத்தியிருந்தார்கள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். கணவரின் அண்ணன் சட்டைப்பையில் நானே கைவிட்டுச் சாவியை எடுத்தேன். அதை இன்னும் ஊரில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகப் பேசட்டும். மாடியில் அண்ணன் வேட்டியெல்லாம் நனைந்து, தட்டித் தட்டி விரல்முட்டி சிவந்து நின்றார். என்னைப் பார்த்ததும் "இன்னாம்மா, லோடு எறக்கியாச்சா?" என்றார். "ஆச்சுண்ணா" என்று சொல்லி, வேறு வேட்டி கட்டிவிட்டுக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தேன்.

"இவருதான் எங்க அண்ணன். பொண்ணுக்குத் தாய்மாமன். இவருக்கு மறதி நோய். இஷ்டம்னா கல்யாணம் நடக்கட்டும், இல்லன்னா எழுந்து போங்க." மண்டபமே கேட்கிற மாதிரி சொன்னேன். யாரும் எழுந்திருக்கவில்லை. என் மகள், "கட்டுங்க மாமா" என்று நெற்றியை நீட்டினாள். அவருக்கு எதுவும் புரியவில்லை. பட்டத்தைச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார். நான் அவர் கைகளைப் பிடித்துக் கட்ட வைத்தேன். கோணலாகத்தான் வந்தது.

சம்பந்தியம்மா எழுந்து என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் முந்தானையைச் செருகிக்கொண்டேன். அவர் என் காதருகே குனிந்தார்.

"எங்க மாமனாரு படுத்த படுக்கைன்னு சொன்னமே, அது பொய்ங்க. நல்லா நடப்பாரு. அவருக்கும் இதேதான். திருக்கோவிலூர் வூட்ல உள்ள வெச்சிப் பூட்டிக்கினு வந்துட்டோம்."

"கூட யாரு இருக்காங்க?"

"யாருமில்லீங்க. எல்லாருந்தான் கல்யாணத்துக்கு வந்துட்டோமே."

ஐயர் முகூர்த்தம் போகிறது என்று அவசரப்படுத்தினார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

"எழுந்திருப்பா. மொதல்ல ஆள அனுப்பி உங்க தாத்தாவத் தொறந்து வுடு. அப்புறம் தாலி கட்டு."