அப்பா விழுங்கிய வார்த்தை

என் அப்பா சிப்ரியான் வாயைத் திறந்தால் மூச்சுக்கு முந்நூறு தரம் அந்த வார்த்தை வரும். பெண்ணின் மறைவிடத்துக்கு உள்ள பச்சையான பெயர் அது. எங்கள் செர்பேர் ஊரில் அதைக் ‘கொங்’ என்று மூக்கால் இழுத்துப் பேச்சின் வாலில் ஒட்டுவோம். அர்த்தம் ஒன்றும் கிடையாது. “மழை வருது, கொங்.” “சூப்புல உப்பு இல்ல, கொங்.” நான் பிறந்ததும் என்னைக் கையில் வாங்கி, “மூக்கு அப்படியே எங்கம்மா மூக்கு, கொங்” என்றாராம்.

செர்பேரில் பிரான்ஸின் தண்டவாளம் முடிகிறது. ஸ்பெயினின் தண்டவாளம் அகலம் அதிகம் என்பதால், வலென்சியாவிலிருந்து வரும் ஆரஞ்சை ஒரு ரயிலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். அப்பா முப்பத்து நான்கு வருஷம் அதைத்தான் செய்தார். கூட வேலை செய்தவர்கள் மலைக்கு அந்தப் பக்கத்து ஸ்பெயின்காரர் எலாதியோவும் போர்த்துகீசியர் லொரென்சுவும். ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்த அதே வார்த்தை எலாதியோவின் வாயில் ‘கோஞோ’. ஆச்சரியம், எரிச்சல், சந்தோஷம் எல்லாவற்றுக்கும் அவருக்கு அதுதான். லொரென்சு மட்டும் காதைப் பொத்திக்கொள்வார். அவர் ஊரில் ‘கோனா’ என்றால் இன்னமும் அந்த இடமேதான். “இத்தாலிக்காரன் வாயில அது செத்தே போச்சாம். பாவம், எப்படித்தான் பேசுறானோ, கொங்” என்பார் அப்பா.

பிரான்ஸின் வடக்கே அது வசவு. மடையன் என்று அர்த்தம். நான் லீல் நகரத்துக்குப் படிக்கப் போனதும் முதல் காரியமாக என் பேச்சின் வாலை நறுக்கினேன். அங்கேயே வேலை, அங்கேயே காதல். காதலன் எத்தியேனின் அப்பா பெரிய வக்கீல். கல்யாணம் மட்டும் எங்கள் ஊரில் என்று முடிவானது. கல்யாணத்துக்கு முதல் நாள் அப்பாவிடம் போனேன்.

“அப்பா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்த வார்த்தை வேண்டாம். பெரிய மனுஷங்க வர்ற இடம். நல்லா இருக்காது.”

“எந்த வார்த்தை?” நிஜமாகவே விளங்காமல் கேட்டார். சொன்னேன். அவர் காது மடல் சிவந்தது. “சரிம்மா” என்றார். பின்னால் ஒன்றும் ஒட்டவில்லை.

எங்கள் பக்கத்து விருந்தில் மூக்கு வைத்த கண்ணாடிக் குடுவையில் ஒயின் கைமாறிச் சுற்றும். பெண்ணின் அப்பா அதைத் தூக்கிப் பிடித்து நாலு வார்த்தை பேசி, உதட்டில் படாமல் குடித்து, சம்பந்தியிடம் கொடுக்க வேண்டும். அப்பா எழுந்தார். “என் பொண்ணு...” என்றார். அதற்கு மேல் வரவில்லை. எங்கே சொல்லிவிடுவாரோ என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கண்டாரோ என்னவோ, குடிக்காமலே குடுவையைச் சம்பந்தி கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதிக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு நாள்தான் கேட்டேன். அவர் பதினோரு வருஷம் கொடுத்தார். போனில், “சௌக்கியமா? குழந்தைங்க நல்லா இருக்காங்களா? சரி, அம்மாகிட்ட குடுக்குறேன்.” அவ்வளவுதான். “உங்கப்பாவுக்கு நம்ம சம்பந்தம் பிடிக்கலையோ?” என்று மாமனார் ஒருமுறை கேட்டார்.

போன பிப்ரவரியில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்து ஓடினேன். அறைக்குள்ளிருந்து அப்பாவின் பழைய குரல் கேட்டது. “நர்ஸு ஊசி போடுறாளா, கடப்பாரை இறக்குறாளா, கொங்! சூப்பா அது? பெட்டி கழுவின தண்ணி, கொங்!” எலாதியோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே காலை வைத்ததும் பேச்சு நின்றது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வாம்மா. பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா?”

எலாதியோ என்னை வெளியே கூட்டிப் போனார். “உன் கல்யாண விருந்துல பேச வேண்டிய பேச்சை, அதுக்கு முன்னாடி மூணு வாரம் ஆரஞ்சுப் பெட்டி மேல ஏறி நின்னு எங்ககிட்ட பேசிப் பாத்தான், நூரியா. வரிக்கு ஒரு கொங். லொரென்சு காதைப் பொத்தக்கூட மறந்துட்டு அழுதான், கோஞோ.”

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்தேன். இருபது வருஷமாகச் சொல்லாததை நாக்குக்குக் கொண்டுவந்தேன்.

“ரொம்பப் பயந்துட்டேன்ப்பா, கொங். அந்தப் பேச்சை இப்ப பேசுங்க, கொங்.”

அப்பா கதவைப் பார்த்தார், யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று. பிறகு என் கையை மெல்லத் தட்டினார்.

“வேண்டாம்மா” என்றார். “பெரிய மனுஷங்க வர்ற இடம். நல்லா இருக்காது.”